நின்று பார்க்கும் நேரம்

கேமரன் மலைக்குப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போவது என் யோசனைதான். மார்ச் மாதப் பள்ளி விடுமுறை முடிந்த அடுத்த வாரம் கிளம்பினோம். கூட்டம் இருக்காது, ரோடு காலியாக இருக்கும் என்பது என் கணக்கு. அம்மா வரவில்லை. "அந்த வளைவு ரோட்டுல எனக்கு வாந்தி வரும், நீங்க போயிட்டு வாங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். காரில் நானும் பாட்டியும், ஒரு ஃபிளாஸ்க் நிறைய மைலோவும்.

பாட்டி 1947ல் அந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் கூடையை முதுகில் மாட்டினார். 1968ல் கல்யாணமாகி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு இறங்கி வந்தார். அதற்குப் பிறகு பால்மரம், செம்பனை, கடைசியில் கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் நான்காவது மாடி. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் மலைக்குத் திரும்பிப் போனதில்லை. எங்கள் வீட்டிலிருந்து நான்கு மணி நேரப் பயணம்தான். ஏன் போகவில்லை என்று கேட்டால், "அங்க என்னா இருக்கு?" என்பார்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாட்டியை நிறுத்திப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட வேண்டும். அதற்குக் கீழே எழுத வேண்டிய வரியைக்கூட முதல் நாள் இரவே எழுதி வைத்துவிட்டேன். "நீங்கள் ரசிக்கும் இந்தப் பச்சைக்குப் பின்னால் என் பாட்டியின் விரல்கள் இருக்கின்றன." இதை இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரை அந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த வரிக்குள் ஒரு கேள்வி இருந்தது. பிறர் உடல் தேய்ந்து உண்டான ஓர் அழகை நின்று ரசிப்பது சரிதானா? அதைவிடச் சங்கடமான இன்னொரு கேள்வியும் இருந்தது. தேய்ந்த உடல் என் பாட்டியுடையது என்றால், எனக்கு மட்டும் அந்த ரசனையில் தனி உரிமை வந்துவிடுமா?

*

நம் நாட்டில் வசந்தம் கிடையாது. மழை உண்டு, வெயில் உண்டு, மார்ச் வாக்கில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்ப்பது உண்டு. குளிரும் பூவும் வேண்டுமென்றால் மலை ஏற வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியின் வெக்கையில் வாடிய ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர் வசந்தத்தைத் தேடி ஏறிய இடம் அது. இன்று நாம் ஸ்ட்ராபெரிக்கும் ரோஜாவுக்கும் ஏறுகிறோம்.

இந்த மலையின் பெயரைப் பாருங்கள். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885ல் இந்தப் பக்கம் பயணம் செய்தார். மேலே ஒரு மேட்டுநிலத்தைப் பார்த்ததாகச் சொன்னார். நாற்பது வருடம் கழித்து, 1925ல், சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்தார். மலைவாசத்தலம் அமைக்கலாம் என்ற திட்டம் அதன்பின் வேகம் பிடித்தது. 1929ல் ஜே.ஏ.ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933ல் பாரத் தோட்டம் வந்தது. வந்து பார்த்தவரின் பெயர் மலைக்கு நிலைத்துவிட்டது. அவருக்கு முன்னால் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த செமாய் மக்களும் அந்த மேட்டுநிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அவர்கள் பார்த்தது எந்த வரைபடத்திலும் ஏறவில்லை.

தாப்பாவில் ஹைவேயை விட்டு இறங்கி 59ஆம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடித்தேன். சிம்பாங் பூலாய் வழியாக அகலமான புதிய சாலை இருக்கிறது. ஆனால் பாட்டி கல்யாணப் புடவையோடு இறங்கி வந்தது இந்தப் பழைய வழியில்தான். 1930களின் தொடக்கத்தில் திறந்துவிடப்பட்ட சாலை. நான் சிவில் இன்ஜினியர். என் வேலை பெரும்பாலும் மலைச்சரிவுகளோடுதான். இந்த மாதிரி ரோட்டைப் பார்த்தால் எனக்கு வளைவுகள் எரிச்சலாக இருப்பதில்லை. சாலை மலையை எதிர்த்துப் போகவில்லை, மலையின் உடம்பைத் தடவிக்கொண்டு போகிறது. ஓடை வரும் இடத்தில் உள்ளே மடிகிறது, முகடு வரும் இடத்தில் வெளியே வளைகிறது. பெரிய இயந்திரங்கள் அதிகம் இல்லாத காலத்துச் சாலை இப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் ஆட்கள் மண்வெட்டியோடு நின்றிருப்பார்கள்.

லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி, சாலையோரத்தில் செமாய் மக்களின் கடைகள் தொடங்கின. பெத்தாய், மூங்கில் குருத்து, போத்தலில் காட்டுத்தேன். பாட்டி நிறுத்தச் சொன்னார். கடைக்காரப் பெண்ணோடு மலாயில் பேரம் பேசி இரண்டு கட்டு பெத்தாய் வாங்கிக்கொண்டு, காரில் ஏறியதும் சொன்னார். "முன்னாடியெல்லாம் இவங்க லயத்துப் பக்கம் வருவாங்க. உப்புக்கும் துணிக்கும் தேன் குடுப்பாங்க. அப்புறம் தோட்டம் பெருசாகப் பெருசாக இவங்க தள்ளித் தள்ளிப் போயிட்டாங்க."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு நம் மேடைகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு வாக்கியம் நினைவுக்கு வந்தது. 'காட்டை அழித்து இந்த நாட்டை உருவாக்கியவர்கள் நாம்.' தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டியில் நானே அதை முழங்கிப் பரிசு வாங்கியிருக்கிறேன். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் காடு யாருடைய வீடு என்று அப்போது யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நம் தாத்தாக்கள் அதை விரும்பிச் செய்யவில்லை. கங்காணியின் கடனிலும் கம்பெனியின் கட்டளையிலும்தான் கோடரி பிடித்தார்கள். குற்றம் அவர்களுடையது இல்லை. ஆனால் பெருமையை மட்டும் நம் பேரில் எழுதிக்கொள்வோம், விளைவை வெள்ளைக்காரன் கணக்கில் எழுதுவோம் என்றால் அந்தக் கணக்கு உதைக்கிறது.

*

ரிங்லெட்டைத் தாண்டினால் ஏரி வரும். 1960களில் கட்டப்பட்ட சுல்தான் அபுபக்கார் அணையின் நீர்த்தேக்கம். தண்ணீர் பாலில் கலந்த தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. மேலே மலையைச் சுரண்டச் சுரண்ட மண் எல்லாம் இங்கேதான் வந்து படிகிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கடும் மழையில் இந்த அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது கீழே பெர்த்தாம் வேலியில் வீடுகள் சேற்றில் மூழ்கி உயிர்கள் போயின. மாணவனாக இருந்தபோது அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது நினைவிருக்கிறது.

ஏரியைத் தாண்டியதும் மலை முழுக்கப் பிளாஸ்டிக் கூரைகள். அவற்றுக்கடியில் காய்கறித் தோட்டங்கள். சுற்றுலா வருகிறவர்கள் எல்லாரும் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். "கேமரனையே கெடுத்துட்டானுங்க." பத்து நிமிடம் கழித்துத் தேயிலைச் சரிவு வந்ததும் காரை ஓரங்கட்டி "வாவ்" என்பார்கள். நானும் அப்படித்தான். ஆனால் காட்டின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டுமே காட்டை வெட்டிய இடத்தில் நிற்பவை. ஒன்று தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் வெட்டியது, இன்னொன்று நம் காலத்தில் வெட்டியது. ஒன்று பச்சையாக இருக்கிறது, இன்னொன்று சாம்பல் நிறத்தில் இருக்கிறது. அவ்வளவுதான். கண் எவ்வளவு சீக்கிரம் மன்னித்துவிடுகிறது!

கண்ணின் இந்தச் சுபாவத்தைப் பற்றி யோசித்தவர்களில் இமானுவேல் கான்ட் முக்கியமானவர். 1790ல் வெளிவந்த அவருடைய நூலில் ஓர் அரண்மனை வருகிறது. இந்த அரண்மனை அழகாக இருக்கிறதா என்று ஒருவர் கேட்கிறார். ரூசோவைப் போல, மக்களின் வியர்வையை இப்படி வீணாக்கிவிட்டார்களே என்று நாம் பெரிய மனிதர்களைத் திட்டலாம். கான்ட் அதை மறுக்கவில்லை. திட்டுங்கள், நியாயம்தான். ஆனால் கேள்வி அதுவல்ல என்கிறார். அந்தப் பொருளின் தோற்றம் என்னுள் மகிழ்ச்சியை உண்டாக்குகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. அழகு வேறு, அதன் வரலாறு வேறு. இரண்டையும் குழப்பினால் அழகைப் பற்றிப் பேசவே முடியாது.

பல்கலைக்கழக நண்பன் ஒருவனும் இதையேதான் வேறு மாதிரி சொன்னான். "நீ சொல்ற மாதிரிப் பார்த்தா கேடிஎம் ரயில்லகூட ஏற முடியாதுடா. தண்டவாளம் போட்டது யாரு? எதைத் தொட்டாலும் அடியில ஒரு கூலி இருப்பான். அதுக்காக எதையும் ரசிக்கக்கூடாதா?" அவன் சொல்வதை லேசாகத் தள்ளிவிட முடியாது. எல்லாவற்றையும் பார்த்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வதால் எந்தத் தொழிலாளிக்கும் ஒரு காசு கூடப்போவதில்லை. குற்றவுணர்ச்சியை ஊருக்குக் காட்டுவதும் ஒருவகை செல்ஃபிதான். நான் எழுதி வைத்திருந்த வரி அந்த வகையைச் சேர்ந்தது என்று சந்தேகம் வந்தது.

ஆனாலும் கான்ட்டின் பிரிவினை தேயிலைத் தோட்டத்தில் செல்லுபடியாகவில்லை. அதை எனக்குக் காட்டியது பாட்டிதான்.

*

பிரிஞ்சாங்குக்கு மேலே, சுங்கை பாலாஸ் பக்கம் போகும் குறுகிய சாலையில் காரை நிறுத்தினேன். எதிரே முழு மலையும் பச்சை. வெயில் அப்போதுதான் ஒரு பக்கச் சரிவில் இறங்கியிருந்தது. "பச்சைக் கம்பளம் மாதிரி இருக்குல்ல பாட்டி?" என்றேன். எல்லாரும் சொல்வதுதான்.

பாட்டி பார்த்தார். "மட்டம் நல்லா வச்சிருக்கான்" என்றார்.

மட்டம் என்றால் என்ன என்று கேட்டேன். அவர் ஒரு செடியின் தலையில் உள்ளங்கையைத் தட்டையாக வைத்துக் காட்டினார். தேயிலை செடி இல்லை, மரம். விட்டுவிட்டால் வீட்டுக்கூரை உயரத்துக்குப் போகும். வாராவாரம் கொழுந்து கிள்ளிக் கிள்ளி, மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, இடுப்புயரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த உயரம் தாவரம் முடிவு செய்ததில்லை. குனியாமல் நிமிராமல் கை எட்ட வேண்டும் என்பதற்காக வைத்தது. நாம் தூரத்திலிருந்து பார்க்கும் அந்தச் சீரான பச்சைப் பரப்பு, உண்மையில் ஒரு மனித உடம்பின் அளவு. செடிகளுக்கு நடுவே ஓடும் அழகான கோடுகள், படமெடுக்கும்போது நாம் ஆசைப்படும் அந்த வளைகோடுகள், ஆட்கள் நடந்த பாதைகள்.

இன்ஜினியராக எனக்கு இது உறைத்தது. ஒரு வரைபடத்தை வாசிப்பதுபோல அந்த மலையை முதல்முறை வாசிக்க முடிந்தது. கான்ட்டின் அரண்மனையில் வியர்வை கல்லுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அதனால் அழகையும் வியர்வையையும் பிரித்துப் பேசலாம். இங்கே அழகு என்று நாம் சொல்லும் தோற்றமே உழைப்பின் வடிவம். உழைப்பை நீக்கிவிட்டால் எஞ்சுவது வேறொரு மலை. 'இந்தப் பச்சைக்குப் பின்னால் விரல்கள்' என்று நான் எழுதியதும் தப்பு. பின்னால் ஒன்றுமில்லை. கண்ணுக்கு நேரே தெரிவதே விரல்களின் வேலைதான். எனக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சாலையின் வளைவில் கைவிடப்பட்ட சிறு துண்டு நிலம் ஒன்று இருந்தது. அங்கே தேயிலை ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, வெள்ளையாகச் சின்னச் சின்னப் பூக்கள், நடுவில் மஞ்சள் மகரந்தம். எனக்கு அது அழகாகத் தெரிந்தது. வசந்தம் தேடி வந்தவனுக்குப் பூ கிடைத்துவிட்டதே! பாட்டி உதட்டைப் பிதுக்கினார். "இப்பிடிப் பூத்துக் கெடந்தா கவனிக்க ஆளில்லைன்னு அர்த்தம். பூ விட்டா கொழுந்து எங்கேருந்து வரும்?" ஒரே பூ. எனக்கு வசந்தம், அவருக்கு வேலை நின்றுபோன இடம்.

நம் மரபில் இதற்கு ஒரு சொல் இருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. நிலத்தைப் பற்றிப் பேசும்போது தொல்காப்பியம் அந்தந்த நிலத்தின் கருப்பொருள்களைச் சொல்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ். இவற்றோடு 'செய்தி' என்றும் ஒன்று இருக்கிறது. அங்கே செய்தி என்றால் பேப்பரில் வருவது இல்லை. செய்வது, தொழில். குறிஞ்சி என்றால் மலை மட்டுமில்லை. தினைப்புனம் காப்பதும் தேன் எடுப்பதும் கிழங்கு தோண்டுவதும் சேர்ந்துதான் குறிஞ்சி. மலையைச் சொல்லிவிட்டு அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் அந்த மலை முழுமையாகவில்லை. கான்ட் வெளியே நிறுத்திவைத்ததை நம் இலக்கணம் உள்ளே உட்கார வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில், வழியில் தேன் விற்ற செமாய்ப் பெண்தான் இந்த மலையின் பழைய செய்தி. பாட்டி அதற்கு அடுத்த செய்தி.

இன்றைய செய்தி யார்? அவர் எங்களுக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்திருந்தார்.

*

பழைய கூடைகள் இப்போது குறைவு. சரிவான இடங்களில் கத்தரிக்கோல் போன்ற ஒரு கருவியால் வெட்டுகிறார்கள். மற்ற இடங்களில் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் இயந்திரம். அன்று அந்த இயந்திரம் ஓரமாகக் கிடந்தது. சாக்குப் பைகளின் நிழலில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். என் வயதுதான் இருக்கும், அல்லது இரண்டு மூன்று குறைவு. வங்காளதேசத்துக்காரன்.

நான் கேமராவில் அவன் வராதபடி கோணம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை ஒப்புக்கொண்டாக வேண்டும். தேயிலைத் தொழிலாளர்களின் துயரத்தைப் பற்றி எழுதுவதற்காகவே வந்தவன், தேயிலைத் தொழிலாளியைப் படத்திலிருந்து வெட்டிக்கொண்டிருந்தேன். என் மனதில் இருந்த தொழிலாளி தமிழச்சி, கூடை சுமந்தவள், கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பவள். இவன் அந்தப் படத்துக்குப் பொருந்தவில்லை.

பாட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கி அவனிடம் பேச்சுக் கொடுத்துவிட்டார். "சூடா மாக்கான்?" சாப்பிட்டாயா என்று கேட்டார். அவன் எழுந்து நின்று, "பெலும், நெனெக்" என்றான். இன்னும் இல்லை, பாட்டி. பிறகு அவர் கேட்டதெல்லாம் தோட்டத்து ஆள் தோட்டத்து ஆளிடம் கேட்பது. அட்டை கடிக்கிறதா? மழையில் நிறுத்துவார்களா? நிறுவை சரியாகப் போடுகிறார்களா? இந்த வேலையைத் தெரிந்த ஒரு கிழவி எங்கிருந்து வந்தாள் என்று அவனுக்கு ஆச்சரியம். பாட்டி தன் கையை நீட்டி, கொழுந்து கிள்ளும் அந்த அசைவைச் செய்து காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், ஒரு சின்னத் திருப்பு. அவன் சிரித்துவிட்டான்.

பெண்டாட்டி பிள்ளை எங்கே என்று கேட்டார். கம்போங்கில், என்றான். கூட்டி வரவில்லையா என்று பாட்டி கேட்டபோது அவன் வெறுமனே தலையாட்டினான். பாட்டிக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். அவர்கள் வைத்திருக்கும் தற்காலிக வேலை அனுமதியில் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. அனுமதி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. "அப்பிடின்னா லயத்துல புள்ளைங்க சத்தமே இருக்காதா?" என்று கேட்டார். நான் அப்படி யோசித்ததே இல்லை. 1938ல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதை நிறுத்துவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் பாட்டியின் அப்பா கங்காணியோடு கப்பலேறினார். மோசமான காலம், மோசமான கடன். ஆனாலும் லயத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது, கோயில் இருந்தது, பாட்டி பிறந்தார், அம்மா பிறந்தார், நான் இதை எழுதுகிறேன். இந்த இளைஞனுக்கு இங்கே பேரன் பிறக்கப்போவதில்லை. இந்த மலையைப் பற்றி அவன் பக்கத்திலிருந்து கட்டுரை எழுத யாரும் வரப்போவதில்லை.

அவன் போனை எடுத்து மகளின் படத்தைக் காட்டினான். பின்னால் வயல். பாட்டி போனைக் கண்ணுக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். விரல் பட்டு அடுத்த படம் வந்துவிட்டது. அது அவனுடைய செல்ஃபி. தேய்த்த சட்டை, கறுப்புக் கண்ணாடி. பின்னால் இதே மலை, இதே பச்சை. நான் எடுக்க நினைத்த அதே கோணம்.

எனக்குள் கட்டி வைத்திருந்த வாதம் அங்கே ஆட்டம் கண்டது. உழைக்கிறவனுக்கு இந்த மலை வெறும் வேலையிடம், வேடிக்கை பார்க்கிறவனுக்குத்தான் அது அழகு என்று நினைத்திருந்தேன். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பழமொழியே இருக்கிறதே. கோகிலம் சுப்பையா இலங்கைத் தோட்டத் தமிழர்களைப் பற்றிய நாவலுக்கு அதையே தலைப்பாக வைத்தார். தூரத்தில் இருப்பவனுக்குத்தான் குளிர்ச்சி, கிட்டே போனால் அட்டையும் பனியும் என்பதுதான் நான் புரிந்துகொண்ட அர்த்தம். ஆனால் கிட்டேயே இருக்கிற இவனும் ஞாயிற்றுக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு இதே பச்சையின் முன்னால் நின்றிருக்கிறான். ஊரில் இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்று எடுத்திருக்கலாம். அவனுக்கே பிடித்திருந்தும் எடுத்திருக்கலாம். இரண்டில் எது என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்?

காருக்குத் திரும்பியதும் பாட்டியிடம் நேராகவே கேட்டேன். "அந்தக் காலத்துல உங்களுக்கு இதெல்லாம் அழகாத் தெரிஞ்சிச்சா?"

"ஏன் தெரியாது? காலைல பெரட்டு முடிஞ்சு மலைக்குப் போறப்ப, பனி கீழ கெடக்கும். நாங்க மேல நிப்போம். கடல் மாதிரி இருக்கும். நல்லாத்தான் இருக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஆனா நின்னு பாக்க முடியாது. நின்னா கங்காணி கத்துவாரு."

*

நான் தேடிப் போன கேள்விக்கு அந்த ஒரு வாக்கியத்தில் பதில் இருந்தது. என் கேள்வியே கொஞ்சம் கோணலானது என்பதும் அதில் இருந்தது.

அழகை ரசிப்பது குற்றமா என்று கேட்கும்போது, அழகு என்பது வசதியானவர்களின் சொத்து என்று நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். கூலிக்குக் கண் இல்லை என்று வெள்ளைக்காரத் துரை நினைத்திருக்கலாம். கூலியின் பேரன் பரிதாபத்தின் பெயரால் அதையே நினைத்தேன். பாட்டிக்குக் கண் இருந்தது. அவரிடமிருந்து பறிக்கப்பட்டது நிற்கும் நேரம். கேமரனும் மேக்ஸ்வெல்லும் நின்று பார்த்தார்கள், அதனால் மலைக்குப் பெயர் வந்தது, திட்டம் வந்தது. பாட்டி நடந்துகொண்டே பார்த்தார், கை கிள்ளிக்கொண்டிருக்கப் பார்த்தார். அதற்கு எந்தப் பதிவும் இல்லை. உலகத்தில் அழகு சமமாகப் பங்கிடப்படவில்லை என்று சொல்வதைவிட, நிற்பதற்கான அனுமதி சமமாகப் பங்கிடப்படவில்லை என்று சொன்னால் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. கூலியும் வேலை நேரமும் விடுமுறையும் ஏதோ தொழிற்சங்க விவகாரம், அழகு ஏதோ இலக்கிய விவகாரம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். ஓய்வுநாள் இல்லாதவனுக்கு மலையும் இல்லை. அந்த இளைஞன் தேய்த்த சட்டையோடு நிற்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருந்தது.

அப்படியானால் பேரனாக எனக்கு என்ன உரிமை? ஒன்றுமில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. பாட்டியின் உழைப்பு எனக்குச் சொத்தாக வராது. அதை நுழைவுச்சீட்டுபோலக் காட்டி, மற்றச் சுற்றுலாப் பயணிகளைவிட நான் ஒரு படி மேல் என்று நிற்க முடியாது. எழுதி வைத்த வரியில் நான் செய்ய நினைத்தது அதுதான். நமக்கு வருவது வேறொன்று. லயம் என்றால் என்ன, நிறுவை என்றால் என்ன, பெரட்டுக்குப் பிந்தினால் என்ன ஆகும் என்பதெல்லாம் நம் வீட்டுப் பேச்சில் இருக்கிறது. ஒரு மலையைப் பார்த்து 'மட்டம் நல்லா வச்சிருக்கான்' என்று வாசிக்கக்கூடிய கண் நம் வீட்டுக் கிழவிகளிடம் இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்டால் இன்று அங்கே நிற்பவனை அடையாளம் தெரியும். அவன் தமிழன் இல்லை என்பதால் அவனை 'பங்களா' என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடுகிற நம் வாய், அன்று நம்மை என்ன சொல்லித் தள்ளினார்கள் என்பதை மறந்த வாய். நம் துயரத்தைப் பழைய படமாகச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் அது சுவரை அடைத்துக்கொள்கிறது. அதே துயரம் இன்னொருவன்மேல் நடப்பதைப் பார்க்க ஜன்னல் இருக்காது.

இறங்கும்போது தானா ராத்தா பக்கம் வந்தோம். ஜிம் தாம்ப்சன் கதையைப் பாட்டிக்குச் சொல்லலாம் என்று தொடங்கினேன். தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் புகழ்பெற்ற அமெரிக்கர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. இங்கே ஒரு பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவேயில்லை. போலீஸ், ராணுவம், காட்டுவழி தெரிந்த பூர்வகுடிகள் என்று நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். நான் முடிப்பதற்குள் பாட்டி குறுக்கிட்டார். "அந்த வெள்ளைக்காரனா? லயத்துல எல்லாரும் அதையேதான் பேசிக்கிட்டிருந்தோம். அவன் கெடச்சானா?"

"இல்ல பாட்டி. இன்னிவரைக்கும் இல்ல."

"அய்யோ பாவம்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். ஐம்பத்தேழு எட்டு வருடம் கழித்தும் அவருக்கு மலை என்றால் முதலில் ஆட்கள்தான். சாப்பிட்டாயா, பிள்ளைகள் எங்கே, அவன் கிடைத்தானா. திணை இலக்கணத்தைப் படிக்காமலே மலையையும் மனிதனையும் பிரிக்காத ஒரு பார்வை.

வழியில் கடைசித் தேயிலைச் சரிவு ஒன்று வந்தது. நேரம் ஆறைத் தாண்டியிருந்தது. இருட்டுவதற்குள் வளைவுகளை இறங்கிவிட வேண்டும் என்று எனக்குப் பதற்றம். பாட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கிப்போய் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளத்தாக்கில் பனி ஏறத் தொடங்கியிருந்தது. நான் போனை எடுக்கவில்லை. பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

"போலாமா பாட்டி?"

"இருய்யா. இன்னும் கொஞ்சம் பாத்துக்கிறேன்."

காருக்குப் போய் இன்ஜினை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றேன்.